டபிள் கெப்புக்கு ஒரு கூடு

அத்தானுக்குக் கண் இரண்டும் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தன. பேப்பர் வாசிக்கக்கூட அவர் கண்ணாடி போட்டதில்லை. ஆனால் ஒரு சாமான் நல்லதா கூடாததா என்று பார்ப்பதற்கு அந்தக் கண்கள் அவருக்குக் காணாது. போனை எடுத்து, கமராவைத் திருப்பி, கனடாவில் இருக்கும் தம்பிக்குக் காட்டினால்தான் தானும் பார்த்த மாதிரி. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பூசணிக்காயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, "தெரியுதோ? காம்புப் பக்கம் வடிவாத் தெரியுதோ?" என்று அவர் போனுடன் கதைத்துக்கொண்டு நின்றதை நானே கண்டிருக்கிறேன். மரக்கறிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் யாரோ எவரோ என்பதுபோல அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

அவர் என் அக்காவின் கணவர். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். தகப்பன் இல்லாத குடும்பம் அவருடையது. தம்பியை இவர்தான் தூக்கி வளர்த்து, படிப்பித்து, சண்டைக் காலத்தில் எப்படியோ ஏஜென்சி பிடித்து ரொறொன்ரோவுக்கு அனுப்பினார். பெடியனை அனுப்பிய அன்றைக்குத் தன்னுடைய மூளையையும் அவனுடைய பையில் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார் என்று நான் சொல்வதுண்டு. அக்காவுக்குக் கேட்காமல்தான் சொல்வேன்.

தம்பி கெட்டவர் இல்லை. பாண் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. எங்களுக்குப் பகல் என்றால் அவருக்கு இரவு. அதனால் நாங்கள் சந்தைக்கும் கடைக்கும் போகிற நேரமெல்லாம் அவருக்குத் தேத்தண்ணிக்கு விட்ட நேரமாகவே இருந்தது. கேட்டால் சொல்வார், அவ்வளவுதான். ஓயாமல் கேட்டது எங்கள் ஆள்.

சுவருக்கு என்ன நிறம், பிரிஜ் எந்தப் பக்கம் திறக்க வேண்டும், சாமியறை விளக்கு பித்தளையா வெள்ளியா, எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எந்த டொக்டரிடம் காட்டுவது, அதற்கு இந்தியா போவதா வேண்டாமா என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் கதைத்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் அக்காவுக்கு வயது போய்விட்டது. அதை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

அதற்காக அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மனிதன் குடித்ததில்லை. கை ஓங்கியதில்லை. வைத்த சாப்பாட்டில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. லிப்ட் பழுதான நாட்களில் அக்கா சமைத்துக் கொடுக்கும் பெரிய கிடாரங்களைத் தோளில் வைத்து மூன்று மாடியும் இறக்கிக் கொடுப்பார். அக்கா காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். கஞ்சிக்கு உள்ளி போடலாமா என்று சுவிசில் இருக்கும் மாமியைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார், அது வேறு கதை. எனக்குக்கூட, என் அவர் வேலை இல்லாமல் இருந்த காலத்தில், ஒரு சொல்லும் சொல்லாமல் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கியவர். இப்படிப்பட்ட ஓர் ஆளில் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அக்காவின் சமையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுச் சாமத்தியவீடு, மேல்மாடிக்காரரின் தாயின் அந்தியேட்டி என்று சின்னதாகத் தொடங்கியவள். கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாளென்றால் சாப்பிட்டவர்கள் கை கழுவ மனமில்லாமல் இருப்பார்கள். நான் இருப்பது கொட்டாஞ்சேனையில். அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை. எங்கள் கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் முதலாளி பிரஷர் குளிசை வாங்க எங்களிடம் வருபவர். ஒரு நாள் அக்காவின் சாப்பாட்டுப் பார்சல் ஒன்றை அவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த கிழமையே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சின்னச் சின்ன வைபவங்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஆவணியிலிருந்து வரும் முகூர்த்தங்களின் சைவச் சமையல் முழுவதையும் அக்காவுக்கே தருவதாகச் சொன்னார். ஐம்பது வயது தாண்டிய பிறகு, அவளுடைய பெயருக்கென்று வந்த முதல் காரியம் அது. அன்றைக்கு அவள் எனக்குப் போன் எடுத்து, ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை கிடாரம் வேண்டிவரும் என்று எண்ணி எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தானும் சந்தோஷப்பட்டார். இளைப்பாறியபோது கிடைத்த காசில் பழைய டபிள் கெப் ஒன்றை வாங்கியது அக்காவின் சமையலுக்காகத்தான். முன்னால் ஆட்கள் இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. அந்தப் பெட்டியில் கிடாரங்களை ஏற்றி, மேலே தார்ப்பாய்ப் படங்கை இழுத்து, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டி, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அவரே கெப்பை ஓடிக்கொண்டு வருவார். காலி வீதித் தூசி, திடீரென்று கொட்டும் மழை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காகம். கொழும்புக் காகத்துக்குச் சாம்பார் மணம் எங்கிருந்தாலும் மூக்கில் ஏறிவிடும். புறக்கோட்டைச் சிக்னலில் வண்டி நிற்கிற நேரம் பார்த்துப் படங்கில் வந்து குந்திக் கயிற்றை இழுக்கும்.

ஒரு நாள் மண்டப முதலாளி வாசலில் நிற்கும்போது, கிடாரங்களுக்கு மேலே ஒரு காகம் இருந்து ஊர்வலம் வருகிற மாதிரி வண்டியோடு உள்ளே வந்தது. அன்றைக்குச் சிரித்துவிட்டார். அடுத்த நாள் கடைக்கு வந்து என்னிடம் சிரிக்காமல் சொன்னார்.

"தங்கச்சி, உங்க அக்கா கைப்பக்குவத்துக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா இது கல்யாண வீடு. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்னைத்தான் ஏசுவாங்க. ஆவணி பொறக்கிறதுக்குள்ள வண்டிய மூடச் சொல்லுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

மூடுவதற்கென்று இருப்பதுதான் கெனப்பி. கெப்பின் பின்பெட்டிக்கு மேலே பொருத்துகிற கூடு. தகரத்தில் அடித்தது இருக்கிறது, பைபரில் வார்த்தது இருக்கிறது, ஜப்பானில் கழற்றி இங்கே கொண்டுவந்து விற்பது இருக்கிறது. முதலாளி சொன்னதை நான் போய்ச் சொன்னவுடன் அத்தான், "அதுக்கென்ன, போட்டிடுவம்," என்றார். அக்கா அடுப்படியில் நின்று கறியைக் கிண்டியபடியே தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள்.

"கிடாரம் மூடியோடை உள்ளுக்கை நிக்கோணும். தண்ணி ஒழுகக்கூடாது. கதவு இறுக்கிப் பூட்டோணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அதை அவர் போனில் யாருக்காவது சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

கெனப்பி பார்க்கும் படலம் தொடங்கியது. சனிக்கிழமை தோறும் ஒருகொடவத்தை. அங்கே கடைக்காரருடன் சிங்களத்தில் கதைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கொன்டெய்னர் யார்டுகளுக்கும் லொறிகளுக்கும் நடுவில், சேற்றில் கால் வைத்து, கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் கடை கடையாக ஏறி இறங்குவோம். கடைக்காரர் ஒன்றை இறக்கி வைப்பார். அத்தான் அதைத் தொடுவதற்கு முன்பே போனைத் தூக்கிப் பிடிப்பார்.

"அண்ணை, உள்ளுக்கை காட்டுங்கோ. கார்பெட் இல்லையோ?" என்று போன் கேட்கும்.

"கார்பெட் இல்லைப் போலை கிடக்கு."

"ஜன்னலுக்கு நெற் இல்லையே? நுளம்பெல்லோ வரும்."

கிடாரத்துக்கு நுளம்பு கடித்தால் என்ன என்று நான் கேட்டேன். இருவருமே சிரித்தார்கள். பகிடி என்று நினைத்துவிட்டார்கள்.

கனடாத் தம்பியிடமும் ஒரு ட்ரக் இருந்தது. அதன் மேலும் ஒரு கூடு. கோடை வந்தால் குடும்பமாக ஏதோ ஏரிக்கரைக்குப் போய், கூட்டுக்குள் மெத்தை போட்டுப் படுப்பார்களாம். பிள்ளைகளின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அத்தான் அதை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகு சமையலுக்கு மட்டும் ஒரு கூடு என்பது அவர் மனதிலிருந்து போய்விட்டது.

"யாழ்ப்பாணம் போகேக்கை வழியிலை நிப்பாட்டி, உள்ளுக்கை படுத்தெழும்பிப் போகலாம் பிள்ளை."

"அத்தான், நீங்கள் வருசத்துக்கு ஒருக்காப் போறீங்கள். அதுவும் ரெயினிலை."

"எண்டாலும்," என்றார்.

இந்த "எண்டாலும்"தான் அவருடைய கடைசித் தீர்ப்பு. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கதைக்க முடியாது.

படங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கும் போகும். லண்டன் மாமி வெள்ளைதான் வெயிலுக்கு நல்லது என்பார். சுவிஸ் மாமி வெள்ளை ஊத்தை பிடிக்கும், சாம்பல் எடு என்பார். தகரம் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று ஒருவர். பைபர் வெயிலுக்கு வெடிக்கும் என்று இன்னொருவர். ஜப்பான் கூடு யாரோ பாவித்துவிட்டு எறிந்தது, ராசி எப்படியோ என்று வேறொருவர். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு கூட்டுக்கு அத்தான் அச்சவாரம் கொடுக்கப் போன நேரத்தில், தம்பி இன்டர்நெட்டில் அதைவிட நல்லது ஒன்றைப் பார்த்துவிட்டார். அந்தக் கடை முதலாளி என்னைப் பார்த்து, இந்த மாத்தயா வாங்க வந்தவரா, படம் எடுக்க வந்தவரா என்று சிங்களத்தில் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கெப்பில் போகப் போவது அக்காவின் சமையல். அந்தக் குழுவில் அக்கா இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவளுக்கு உதெல்லாம் பாக்க எங்கை நேரம்," என்றார் அத்தான், அவள்மேல் இரக்கப்பட்டு.

ஆடி மாதம் பிறந்துவிட்டது. ஊர்க் கோவில் திருவிழாவுக்கென்று அத்தான் ரெயினேறி யாழ்ப்பாணம் போனார். கெப் கீழே நின்றது. அவர் போன அடுத்த நாள் காலை அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"உனக்குக் கெப் ஓடத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப லீவு போட்டிட்டு வா."

நான் போனபோது அவள் ஒழுங்கையில் தயாராக நின்றாள். பக்கத்தில் அவளிடம் இருந்ததிலேயே பெரிய கிடாரம், மூடியுடன். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். ஒருகொடவத்தையில் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கராஜுக்குப் போகச் சொன்னாள். லொறிகளுக்குப் பெட்டி அடிக்கிற இடம் அது. மேல்மாடிக்காரர் சொல்லியிருந்தாராம். கதைப்பதற்காக நான் முன்னால் போனேன். நான் தேவைப்படவேயில்லை. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கெப்பின் பின்பெட்டியில் ஏறினாள். கிடாரத்தை நடுவில் நிமிர்த்தி வைத்தாள், மூடியைப் போட்டாள், மூடிக்கு மேலே கையைப் படுக்கையாக நீட்டிப் பிடித்தாள்.

"மெச்சரய்," என்றாள். இவ்வளவுதான் என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

பெட்டி அடிக்கிற பாஸ் அளவெடுத்தார். ஜன்னல் வேண்டுமா என்று கேட்டார். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். தகரமா, அலுமினியமா என்று கேட்டார். அலுமினியத் தகட்டைத் தொட்டுக் காட்டினாள். துருப்பிடிக்கும் என்று குழுவில் சொன்னது அவள் காதிலும் விழுந்துதான் இருக்கிறது. எல்லாம் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மாதக்கணக்கில் சேற்றில் நடந்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. அழகில்லாத கூடு. பெட்டி மாதிரி ஒரு பெட்டி. அக்கா கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, கராஜ்காரர்களிடம் வாளி வாங்கித் தண்ணீர் அள்ளி அதன்மேல் ஊற்றினாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டும் இல்லை. ஈரமில்லாத கையை என்னிடம் நீட்டிக் காட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனையோ காலம்.

அந்தக் கிழமையே மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. கோட்டையைத் தாண்டும்போது நல்ல மழை. நான் வண்டியை ஓட, அக்கா பின்கண்ணாடியால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். புறக்கோட்டையில் ஒரு காகம் வந்து குந்தப் பார்த்து, அலுமினியத்தில் கால் வழுக்கிப் பறந்தது. மண்டப முதலாளி தானே வந்து கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது போதுங்க. இதத்தானே நான் கேட்டேன்," என்றார்.

அத்தான் திரும்பி வந்தார். கெப்பைச் சுற்றி வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார்.

"தண்ணி வராதோ?"

"வராது," என்றாள் அக்கா.

"சோக்காத்தான் செய்திருக்கிறான்," என்றார். மனதாரச் சொன்னார், அதில் சந்தேகமில்லை. தன்னைக் கேட்காமல் செய்தாளே என்ற கோபம் அவருக்குத் துளியும் வரவில்லை. மேலே வந்து, இடியப்பம் சாப்பிட்டு, கை கழுவும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கீழே போய்ப் படம் எடுத்து அனுப்பினார்.

தம்பியின் சிரிப்பு போனில் ஸ்பீக்கர் வழியாக அடுப்படி வரைக்கும் கேட்டது.

"என்ன அண்ணை உது? மீன் லொறி மாதிரியெல்லோ கிடக்கு! சைவச் சமையலுக்கோ உது?"

லண்டன் மாமி குழுவில் வரிசையாக மீன் படம் போட்டார். அதற்குக் கீழே நாலைந்து பேர் கண்ணீர் வரச் சிரித்தார்கள். தம்பி தொடர்ந்து சொன்னார்.

"உதைக் கழட்டுங்கோ அண்ணை. நான் இந்த முறை ட்ரக்கை மாத்திறன். பழையதின்ரை கெனப்பியைக் கப்பலிலை போட்டு விடுறன். கார்பெட், ஜன்னல், லைற் எல்லாம் கிடக்கு. ரெண்டு மாசத்திலை வந்திடும்."

"தம்பி அனுப்புறானாம்," என்றார் அத்தான் அக்காவிடம். முகம் மலர்ந்திருந்தது.

"வரட்டும். அது வரும்வரைக்கும் இது கிடக்கட்டுமன். வந்தாப்பிறகு மாத்துவம்," என்றாள் அக்கா.

அதைவிட நியாயமான ஒரு கதையை யாரும் சொல்ல முடியாது. அத்தானும் தலையாட்டினார். ஆனால் ஒவ்வொரு நாளும் "கழட்டியாச்சோ?" என்று குழுவில் கேட்டார்கள். இன்னும் இல்லை என்று எழுத அவருக்குக் கை கூசியது. கழற்றாமல் கழற்றிவிட்டேன் என்று எழுதப் பொய்யும் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனபோது, கீழே கார் நிறுத்துமிடத்தில் ஸ்பானருடன் நின்றார். நட்டுகளைக் கழற்றி ஒரு பொலித்தீன் பையில் பத்திரமாகப் போட்டிருந்தார். கூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கராஜ்காரரின் லொறி வந்து நின்றது. தொடர்மாடியில் அதை வைக்க இடம் தரமாட்டார்களாம்.

"அத்தான், உங்களுக்கென்ன விசரோ? ஆவணி பிறந்திட்டுது!"

"ரெண்டு மாசம்தானே பிள்ளை. படங்கு கிடக்குத்தானே. அவன் ஆசைப்பட்டு அனுப்புறான். இது நிக்கிறதைப் பாத்தா அவன்ரை மனம் நோகும்."

"அப்ப அக்கான்ரை மனம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

"அவள் ஒண்டும் சொல்லேல்லையே," என்றார்.

நான் மேலே பார்த்தேன். மூன்றாம் மாடிப் பல்கனியில் அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லொறி வெளியே போகும் வரைக்கும் கையில் இருந்த ஒரே துவாயை உதறிக்கொண்டே நின்றாள். நான் அன்றைக்குத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

அந்த ஆவணியில் முதல் பெரிய முகூர்த்தம். இரண்டு பக்கமும் பெரிய குடும்பங்கள். அன்றைக்கென்று பார்த்துக் கொள்ளுப்பிட்டியில் வாகனங்கள் அசையவில்லை, மழையும் விடவில்லை. படங்கின் நடுவில் தண்ணீர் குளமாகத் தேங்கி, பாரம் தாங்காமல் ஒரு பக்கக் கயிறு நழுவி, அவ்வளவு தண்ணீரும் கிடாரங்களின் மேலே இறங்கியது. மூடியிருந்ததால் சோறு தப்பியது. பாயாசக் கிடாரத்தின் மூடியை அது தள்ளிவிட்டது. படங்கில் கிடந்த தூசியும் காகத்தின் எச்சமும் சேர்ந்த தண்ணீர். மண்டபத்தின் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானில் அக்கா அந்தப் பாயாசம் முழுவதையும் தன் கையாலேயே கவிழ்த்து ஊற்றினாள். மேலே நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அக்கா, அந்தப் பெட்டி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வேறை ஒண்டு கப்பலிலை வருது," என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மிச்சமிருந்த முகூர்த்தங்களுக்கு அவர் ஜிந்துப்பிட்டியிலிருந்து வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். இப்போதும் பிரஷர் குளிசை வாங்க எங்கள் கடைக்குத்தான் வருகிறார். அக்காவைப் பற்றி ஒரு நாளும் விசாரிப்பதில்லை.

தம்பியின் கூடு இரண்டு மாதத்தில் வரவில்லை. தீபாவளி போய், தைப்பொங்கலும் கிட்ட வந்த பிறகுதான் வந்தது. ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் கூலி ஆட்களைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். பொய் சொல்லக்கூடாது, நல்ல வடிவான சாமான். பால் வெள்ளை. கறுப்புக் கண்ணாடி ஜன்னல், அதற்கு நெற், உள்ளே கார்பெட், குட்டி விளக்கு. கெப்பின்மேல் ஏற்றி வைத்தார்கள். பின்பக்கம் ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார்கள், பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார்கள். அகலமும் ஒத்துவரவில்லை.

அத்தான் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"ஓ," என்றது போன். "அங்கத்தை கெப் கட்டையெல்லோ அண்ணை. இஞ்சத்தையான் நீளம்."

அத்தனை மாதம் எத்தனை படங்கள் கடல் தாண்டிப் போய் வந்தன. கார்பெட் கேட்டார்கள், நிறம் கேட்டார்கள், ராசி கேட்டார்கள். பெட்டியின் நீளம் என்ன என்று ஒரு சனம் கேட்கவில்லை. ஏரிக்கரையில் கால் நீட்டிப் படுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து, அது தன்னுடைய கெப்பில்தான் நிற்கிறது என்று அத்தான் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவருக்கு அப்போதும் கோபம் வரவில்லை. உள்ளே கையை விட்டு அந்தக் கார்பெட்டைத் தடவினார்.

"என்ன சாமான் பாத்தியே பிள்ளை," என்றார். "கெப்பை மாத்தினா என்ன எண்டு தம்பியை ஒருக்காக் கேப்பம்."

அக்கா அன்றைக்கு வரவில்லை. வரச்சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அந்தக் கூடு தொடர்மாடியின் கீழே ஒரு மூலையில், அதே படங்கால் மூடப்பட்டுக் கன காலம் கிடந்தது. நிர்வாகக் குழு கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுத்தான் அதை அப்புறப்படுத்த வைத்தது.

அக்கா சண்டை பிடித்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவள் வேறொன்று செய்தாள். கிடாரங்களை மட்டக்குளியில் சமைக்கிற ஒரு பெண்ணுக்கு விற்றாள். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அத்தானைக் கேட்கத் தொடங்கினாள். பருப்புக்கு உப்புக் காணுமோ என்று அகப்பையில் எடுத்துக்கொண்டு போவாள். அத்தான் சந்தோஷமாக ருசி பார்ப்பார். கோவிலுக்கு எந்தச் சேலை என்று கேட்பாள். ஒரு முறை காலி வீதிக் கடையில், நான் வாங்கித் தருகிறேன், உனக்குப் பிடித்த சேலையை எடு என்றேன். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "படம் எடன், அவருக்கு அனுப்புவம்," என்றாள். கடை என்றும் பாராமல் அவளை ஏசிவிட்டேன். அவள் ஏன் ஏசுகிறேன் என்று விளங்காமல் நின்றாள். அத்தானிடம் இதைச் சொன்னால், "இப்பதான் நாங்கள் ரெண்டு பேரும் எல்லாம் கதைச்சுச் செய்யிறம் பிள்ளை," என்று பெருமைப்பட்டார்.

போன வருடம் அத்தான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை. யாரையும் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான். நான் அழுதேன். வாய்க்குப் பேசுகிறேனே தவிர, உண்மையாகவே அழுதேன். அரிசி மூட்டை இறக்கிய மனிதன்.

சவப்பெட்டி எடுக்க மலர்ச்சாலைக்கு நானும் அக்காவும்தான் போனோம். வரிசையாகப் பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். மலர்ச்சாலைக்காரர் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். கனடாத் தம்பிக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. வீடியோவில் வந்திருந்தார். அக்கா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் குழந்தைப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். தன்னை வளர்த்தவரைப் பறிகொடுத்த அழுகை, அதில் பொய் இல்லை. அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவுடன் கதைத்தார்.

"அண்ணி, இதிலை நான் ஒண்டும் சொல்லக்கூடாது. நீங்கள்தான் சொல்லோணும். உங்களுக்குப் பிடிச்சதையே எடுங்கோ."

அத்தனை வருடத்தில் அந்தப் போனிலிருந்து அக்காவிடம் வந்த முதல் கேள்வி. அக்கா பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"எனக்குப் பிடிச்சதை ஒருக்கா எடுத்தனான், தம்பி," என்றாள். குரல் உயரவில்லை. "இப்ப எனக்கு ஒண்டும் விளங்குதில்லை. நீங்களே சொல்லுங்கோ."

போனில் தம்பி தலையைக் குனிந்து இன்னொருமுறை கண்ணைத் துடைத்தார். அவருக்கு உறைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"அப்ப அந்த ரெண்டாவதை ஒருக்காக் கிட்டக் காட்டுங்கோ, அண்ணி," என்றார்.